இடது விலாவின் அடியில்

சளிக் கோப்பையின் அடியில் மணல் கிடந்தது.

அதிகமில்லை, ஒரு சிட்டிகை இருக்கும். தாதி சுவேதினி கோப்பையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். மேலே நுரை, நடுவில் கலங்கல் நீர், கீழே பச்சையாய்த் தடித்த சளி என்று மூன்று படையாகத்தான் இந்த நோய்க்காரர்களின் சளி அடையும். படித்ததும் அப்படித்தான், நான்கு நாட்களாக அளந்ததும் அப்படித்தான். இன்று அந்தப் பச்சைக்கும் கீழே, சாம்பல் நிறத்தில், நான்காவதாக ஒன்று. கோப்பையைச் சரித்தால் அதுவும் மெதுவாகச் சரிந்தது.

சோளகம் அடிக்கிற மாதம் அது. அந்தக் காற்றுக்கு மன்னார்த் தீவில் பூட்டும் இல்லை, கதவும் இல்லை. சோற்றில் மணல், தலையணையில் மணல், முதல் நாள் அவித்து மூடிவைத்த துணிப் பொட்டலத்துக்குள்ளும் மணல். காற்றின் வேலைதான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் கோப்பைக்கு மூடி இருந்தது, மூடியதும் அவள்தான். யோசனையை அந்த இடத்தோடு நிறுத்தி, 'காலை பதினொரு மணி, அறுபது மில்லிலீற்றர்' என்று கட்டிலில் தொங்கிய நோயாளியின் ரிக்கற்றில் எழுதினாள். மணலைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் டொக்டர் சிரிப்பார். சிரித்தாலும் பரவாயில்லை, தேநீர் குடிக்கும்போது மற்றவர்களுக்கும் சொல்லிச் சிரிப்பார்.

எட்டுக் கட்டில் போட்ட ஆண்கள் வாட்டும், அதன் கோடியில் ஓர் அறையும் கொண்ட சின்ன ஆஸ்பத்திரி அது. இருமி இருமி மற்றவர்களின் நித்திரையைக் கெடுப்பவர்களைக் கோடி அறையில் போடுவது வழக்கம். இப்போது அங்கே கிடந்தவர் சந்தியோகு. பேசாலைக்காரர், அறுபத்து மூன்று வயது, இரண்டு படகு வைத்திருக்கும் சம்மாட்டி. அவருடைய இடது நுரையீரலின் அடிக்குழாய்கள் தளர்ந்து பைகளாகி, அங்கே சளி ஊறித் தேங்கி நின்றது. அது தானாக மேலே வராது. நாளுக்கு மூன்று தடவை, சாப்பாட்டுக்கு முன்னர், கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி, தலை தாழ வலப்பக்கமாய்ப் படுக்கவைத்து, இடது விலாவின் அடியில் கையைக் குழித்துத் தட்டவேண்டும். தட்டத் தட்டச் சளி இளகி வாய்க்கு வரும். தட்டாமல் விட்டால் மனிதர் தன் சளியிலேயே மூழ்கிப் போவார்.

தட்டுவதில் ஒவ்வொரு தாதிக்கும் ஒரு கைப்பழக்கம். சுவேதினி மூன்று தரம் தட்டி, உள்ளங்கையை விலாவிலேயே வைத்து, உள்ளே சளி அசைகிற கரகரப்புக்காக ஒரு கணம் பார்த்திருந்து, திரும்ப மூன்று தரம் தட்டுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அப்படியே கைக்கு வந்துவிட்டது. அவள் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, பத்து வயதில் தாய் தகப்பனோடு வெள்ளாங்குளத்துக்குத் திரும்பி வந்தவள். நெல் தெரியும், மாடு தெரியும். கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி, கடல் தொழில் ஒன்றும் தெரியாது.

போன மாதம் இதே அறையில் ஒருவர், "இண்டைக்கு மட்டும் விடுங்கோ பிள்ளை, களைப்பாக் கிடக்கு" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவளுக்கு மனம் இளகிவிட்டது, விட்டுவிட்டாள். அடுத்த நாள் காலையில் அவர் இல்லை. டொக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்காரர் நன்றி சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், அந்தக் கும்பிடுதான் இன்னும் அவள் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. இனி எவர் கெஞ்சினாலும் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்திருந்தாள்.

சந்தியோகு முதல் நாளிலிருந்தே கெஞ்சினார். முந்தின ஆஸ்பத்திரியில் தட்டியபோது பேசாமல் கிடந்தாராம், மனைவி மார்த்தா சொன்னாள். இங்கே சுவேதினியின் கை பட்டதும்தான் இந்த ஆட்டம். மூன்றாம் தட்டு விழுந்ததும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்குவார். ஆளைப் பார்த்தால் பனைமரம் மாதிரி, செய்கிறது சின்னப்பிள்ளை வேலை என்று அவள் மனதுக்குள் ஏசிக்கொண்டாள்.

அன்று பின்னேரம் ஐந்தரைக்குக் கால்மாட்டுக்குக் கட்டை வைத்து, தலையணைகளைச் சரிசெய்து, அவரைத் திருப்பிப் படுக்கவைத்தாள். ஜன்னல் கண்ணாடியில் காற்று மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்தது, பக்கத்து வாட்டில் யாரோ வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார், வராந்தாவில் ஒரு கழுதை வழி தெரியாமல் வந்து நின்று மூச்சு விட்டது. மூன்று தட்டுத் தட்டினாள். உள்ளங்கையை வைத்தாள்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு வந்தது.

கையை எடுக்கவில்லை. இதயத் துடிப்பு என்று நினைத்தாள், ஆனால் அவருடைய நாடி நிமிடத்துக்கு நூற்றுக்கு மேலே ஓடுகிறது. இது ஒரேயொரு தரம், விலா எலும்புக்கு உட்புறத்தில், அவள் உள்ளங்கையின் நடுவில், யாரோ விரல் முட்டியால் தொட்டதுபோல. பிறகு ஒன்றுமில்லை. திரும்ப மூன்று தட்டினாள். பார்த்திருந்தாள். திரும்பவும் ஒன்று.

"தட்டாதேங்கோ மிஸி," என்றார் சந்தியோகு. கண் மூடியிருந்தது, தலை தாழ்ந்து கிடந்ததால் கண்ணீர் நெற்றிப் பக்கமாய் ஓடியது.

"நோகுதா ஐயா?"

"நோகேல்ல."

"பிறகென்ன?"

"கேக்குது."

"ஆருக்கு?"

அவர் இருமினார். கோப்பைக்குள் விழுந்ததில் சளியை விடத் தண்ணீர்தான் அதிகமாக இருந்தது, அதிலிருந்து பாசியும் மண்ணெண்ணெயும் கலந்த மணம் வந்தது. கோப்பையை ஒன்றுக்கு இரண்டு தரம் அழுத்தி மூடினாள். தனக்குப் பயம் பிடித்துவிட்டது என்று சுவேதினிக்கு அப்போது நன்றாகவே தெரிந்தது, ஆனால் எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரியவில்லை.

மற்றத் தாதி பிரசவ லீவில் இருந்ததால் விடிய ஐந்தரைக்கும் அவள்தான் வரவேண்டியிருந்தது. பழக்கப்படி விலாவின் அடியில் தட்டிவிட்டு, கையை வைத்துப் பார்த்திருந்தாள். ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். இரவு முழுக்கக் கண்டதையும் நினைத்து நித்திரையைக் கெடுத்துக்கொண்டேனே என்று சிரிப்புக்கூட வந்தது. அவரைத் தாங்கிப் பிடிப்பதற்காக மற்றக் கையை முதுகில் வைத்திருந்தாள், தோள்பட்டை எலும்புக்குச் சற்றுக் கீழே.

தட்டு அந்தக் கையில் வந்தது.

ஒரு சாண் மேலே.

சுவேதினி இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள். அவருடைய முதுகில் தோல் அசையவில்லை, பழைய உப்புத் தழும்புகளும் வியர்வையும்தான் தெரிந்தன. பாதியில் நிறுத்தி, கட்டையை உருவி, அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். "இப்ப காணும் ஐயா, மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்றாள். தன்னுடைய குரலைக் கேட்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வாசலில் ஊழியர் வஸீர் நிலந்துடைக்கும் தடியைப் பிடித்தபடி நின்றார். முசலிப் பக்கத்து மனிதர், ஐம்பதை நெருங்குபவர், ஆஸ்பத்திரி வேலைக்கு வருமுன்னர் பன்னிரண்டு வருடம் சங்கு குளித்தவர். ஒரு காது உடைந்துபோனதால் கடலை விட்டார். அவர் இப்படி வேலையை விட்டுவிட்டு நின்று அவள் கண்டதில்லை.

"மிஸி, இந்தத் தட்டு உங்களுக்கு ஆர் பழக்கினது?"

"எந்தத் தட்டு?"

"மூண்டு, ஒரு இடைவெளி, பிறகு மூண்டு." அவர் அவளை வராந்தாவுக்கு வரச்சொல்லிக் கையைக் காட்டினார். "கடலுக்குக் கீழ நிக்கிற சுழியோடிக்கு மேல கத்துறது கேக்காது. படகில நிக்கிறவர் இரும்பால படகுப் பக்கத்தில தட்டுவார். இப்பிடித்தான் தட்டுவார். மேல வா எண்டு அருத்தம். தண்ணிக்குள்ள அது நெஞ்சுக்குள்ளயே கேக்கும்."

"கேட்டா?"

"கேட்டவன் கயித்தை ஒருக்கா இழுத்து விடுவான். வாறன் எண்டு."

சுவேதினியின் உள்ளங்கை குளிர்ந்தது. அதைச் சீருடையில் துடைத்தாள்.

"உடன வந்திடுவானோ?"

"உடன வரக்கூடாது மிஸி. ஆழத்தில கிடந்தவன் நிண்டு நிண்டுதான் வரவேணும்." வஸீர் கோடி அறையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வரியத்துக்கு முன்னம் இந்தச் சம்மாட்டியின்ர படகில கடலட்டை பிடிக்கப்போன மரியதாசன் எண்டவன் வரேல்ல. ரெண்டு பிள்ளையின்ர தகப்பன். மேலயிருந்து காத்துக் குடுக்கிற குழாய் அறுந்துபோச்சாம். தட்டித் தட்டிப் பாத்தனான், வரேல்ல எண்டு இவர் கோயில் வாசலில நிண்டு குழறி அழுதவர். நானும்தான் சேந்து அழுதனான்."

"பிரேதம்?"

"கிடைக்கேல்ல."

அறைக்குத் திரும்பிச் சுவேதினி ஆவி மருந்து கொடுத்தாள், வெந்நீர் கொடுத்தாள், உட்காரவைத்து இருமச் சொன்னாள். தட்டுவதைத் தவிர என்னென்ன உண்டோ எல்லாவற்றையும் செய்தாள். சளி மேலே வரவில்லை. பத்தரை மணிக்குச் சந்தியோகுவின் உதடு நாவல்பழம் தின்றவருடையதுபோல் ஆகிவிட்டது. விரலில் மாட்டிய கருவி ஒட்சிசன் எண்பத்து நாலு என்று காட்டியது. டொக்டர் வந்து ரிக்கற்றைப் புரட்டினார்.

"காலமை பாதியில விட்டிட்டீங்களோ?"

"ஓம் டொக்டர்."

"ஏன்?"

அவள் கருவியின் எண்ணைத் திரும்பப் பார்த்தாள். எதைச் சொல்வது?

"இடது பக்கம் முழுக்க அடைச்சுப்போச்சு. அம்புலன்ஸ் வவுனியாவுக்குப் போய் இன்னும் திரும்பேல்ல. வந்தாலும் இந்த நிலையில வழியில தாங்கமாட்டார்." அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "இப்ப உங்கட கைதான் மிஸி. தட்டுங்கோ. நான் வெளிநோயாளர் பக்கம் நிக்கிறன்."

டொக்டர் போனதும் கதவைச் சாத்திவிட்டு, ஸ்டெதஸ்கோப்பை அவருடைய இடது முதுகில் வைத்தாள். அடைத்துப்போன பக்கத்தில் சத்தம் இருக்கக்கூடாது. இருந்தது. நீளமாக, மெதுவாக, ஒரு குழாய் வழியாக யாரோ காற்றை உறிஞ்சும் சத்தம். பிறகு குமிழிகள், நிறையக் குமிழிகள், மேலே மேலே போகும் சத்தம். அவள் சந்தியோகுவின் நெஞ்சைப் பார்த்தாள். அது அவசரமாக, மேலோட்டமாக, நிமிடத்துக்கு நாற்பது தரம் ஏறி இறங்கியது. காதில் கேட்ட மூச்சுக்கோ அவசரமே இல்லை.

"கேக்குதென்ன?" என்றார் அவர்.

அவள் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றினாள். "கேக்குது."

"நான் தட்டேல்ல மிஸி." ஒவ்வொரு வார்த்தைக்கும் இடையில் அவர் காற்றைத் தேடினார். "அனுமதிப் பாஸ் இல்லாமல் தொழிலுக்குப் போனனாங்கள். தூரத்தில ரோந்துப் படகு தெரிஞ்சது. தட்டினா அவன் மேல வரக் கால் மணித்தியாலம் செல்லும். அந்த நேரம் எனக்கு இல்லை. குழாயை வெட்டிப்போட்டு ஓடினனான். தட்டினனான் எண்டு எல்லாருக்கும் சொன்னனான். மார்த்தாவுக்குச் சொன்னனான். பாவசங்கீர்த்தனத்தில சுவாமியாருக்குக்கூட அப்பிடித்தான் சொன்னனான்."

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். விரல்கள் நீலமாக இருந்தன.

"அவன் அந்தத் தட்டுக்குத்தான் பாத்துக்கொண்டு நிண்டவன். நீங்கள் குடுத்திட்டீங்கள். இனித் தட்டாதேங்கோ. நான் இப்பிடியே போறன், பிள்ளை."

எண்பத்து ஒன்று.

ஓடிவிடலாம் என்று அவளுக்கு இருந்தது. வெளியே பட்டப்பகல், பத்தடியில் கதவு. ஆனால் போன மாதத்து மனிதரும் இப்படித்தான் மணிக்கட்டைப் பிடித்தார், இப்படித்தான் பிள்ளை என்றார். இவர் செய்தது பாவம்தான். இருந்தாலும் மூச்சு முட்டிச் சாகிற ஒருவரை அவருடைய கணக்கைப் பார்த்தா கைவிடுவது? அவளால் முடியாது. மூன்றாகத் தட்டாவிட்டால் போகிறது. அவ்வளவுதானே.

கட்டைகளை வைத்தாள். அவரைத் திருப்பினாள், தலையைக் கட்டில் விளிம்புக்குக் கொண்டுவந்து, கீழே பேசினை வைத்தாள். இடக்கையால் அவருடைய தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலக்கையைக் குழித்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே தட்டினாள். "ஒண்டு ரெண்டு மூண்டு நாலு அஞ்சு. ஒண்டு ரெண்டு மூண்டு நாலு அஞ்சு." இடைவெளி விடவில்லை. கையை வைத்துப் பார்க்கவில்லை.

சளி இளகியது. அவர் இருமினார், பச்சையாய்த் தடித்துக் கோப்பை கோப்பையாய் வந்தது, நல்ல சளி, நாற்றமடிக்கும் சாதாரணச் சளி. அதைக் கண்டு இப்படிச் சந்தோசப்படுவாள் என்று அவள் நினைத்ததே இல்லை. எண்பத்து ஐந்து. எண்பத்து எட்டு. உதட்டில் நீலம் குறைந்தது. தொண்ணூற்று ஒன்று. "பாத்தீங்களே ஐயா, வருது, நல்லா வருது!" என்றாள். கண் கலங்கிவிட்டது. வராந்தாவில் பார்வையாளர்களின் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது, எங்கோ சோற்றுப் பார்சலின் கறிவாசம் வந்தது. தோள் வலித்தது. இன்னும் இரண்டு நிமிடம் தட்டினால் போதும்.

எண்ணுவதை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை.

களைத்த கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது.

மூன்று தட்டு. உள்ளங்கை விலாவில் கிடந்தது. மூன்று தட்டு.

அறைக்குள் எல்லாம் அடங்கியது. காற்றுக்கூட.

பதில், தோளை அணைத்திருந்த இடக்கையில் வந்தது. கழுத்தடியில். ஒன்று.

"ஐயா?"

அவர் இருமவில்லை. கண் அகலத் திறந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. அவள் நெஞ்சையே பார்த்தாள், ஐந்து, பத்து, பதினைந்து என்று எண்ணினாள். ஏறவில்லை, இறங்கவில்லை. கருவியைப் பார்த்தாள்.

தொண்ணூற்று ஏழு.

தொண்ணூற்று ஒன்பது.

நூறு.

யாரோ நன்றாக மூச்சு விடுகிறார்கள். இவர் இல்லை.

வாயிலிருந்து தண்ணீர் வந்தது. இருமல் இல்லாமல், வாந்தி இல்லாமல், குழாயைத் திறந்துவிட்டது மாதிரி. பேசின் நிறைந்தது. வழிந்தது. அவளுடைய சப்பாத்துக்குள் போனது. குளிர். உச்சி வெயிலில் அப்படியொரு குளிர். பாசி மணம். ரப்பர் மணம். தண்ணீரோடு மணல், பிறகு கறுத்த ரப்பர்த் துண்டு ஒன்று, ஒரு முனை கத்தியால் வெட்டின மாதிரி நேராக.

"டொக்டர்," என்றாள். வெளிநோயாளர் பக்கம் வரை அந்தக் குரல் போகாது.

விடவேண்டும். கையை எடுத்துவிட்டு ஓடவேண்டும். விட்டால் அவர் தலைகீழாக விழுந்துவிடுவார். நோயாளியை இந்த நிலையில் விடக்கூடாது. விடக்கூடாது. அவள் விடவில்லை.

"மிஸி," கதவுக்கு வெளியே மார்த்தா. "சோறு கொண்டந்தனான். ஐயாவைப் பாக்கலாமோ?"

தண்ணீர் நின்றது.

சந்தியோகுவின் தொண்டை மெதுவாகத் தடித்தது. தாடை இறங்கியது. இன்னும் இறங்கியது, ஒரு தாடை இறங்கக்கூடிய அளவையும் தாண்டி.

உள்ளேயிருந்து நாலு விரல்கள் வந்தன. வெளுத்து, ஊறி, நகங்களுக்குள் மணலோடு. கீழ்ப்பற்களுக்கு மேலால் வளைந்து, நீந்திக் களைத்தவன் படகின் விளிம்பைப் பிடிக்கிறதுபோல, அவருடைய கீழுதட்டை இறுக்கிப் பிடித்தன. பிறகு, ஏறுவதற்காக, தம் முழுப் பாரத்தையும் அதில் போட்டன.